நாலாவது வாரம் ஆளே வருவதில்லை: பெரியவர்களுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தருகிறவர்கள் கொஞ்சம் யோசனை சொல்லுங்கள்

தட்டோன் சயாமா
ஞாயிறு, இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது பர்மாவில் தட்டோன் பக்கத்துச் சின்ன ஊர். கோடை விடுமுறையில் கோயில் மடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வருஷக்கணக்காக நடக்கிறது. அதில் குறை ஒன்றும் இல்லை. பிரச்சினை பெரியவர்கள் வகுப்பில்தான்.

நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்தோம். சம்பளம் கிம்பளம் எதுவும் இல்லை. சாக்பீஸ்கூடக் கைக்காசுதான். முதல் வாரம் 23 பேர் வந்தார்கள். பாய் போதவில்லை. இரண்டாம் வாரம் 19, மூன்றாம் வாரம் 11. நாலாவது வாரம் 4 பேர், அதில் ஒருவர் என் மாமியார்.

வருகிறவர்களுக்கு 45இலிருந்து 70 வயது. வீட்டில் பேசுவது தமிழ், சாமி கும்பிடுவது தமிழ், சண்டை போடுவது சுத்தத் தமிழ். எல்லாருக்கும் பர்மிய எழுத்து நன்றாகத் தெரியும். தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. காவடிப் பாட்டைக்கூட பர்மிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடுகிறார்கள்.

தமிழ்நாட்டு ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரதியெடுத்துப் பாடம் நடத்துகிறேன். அ, ஆ என்று வரிசையாகப் போகிறேன், அவசரப்படுத்துவதில்லை, யாரையும் திட்டுவதும் இல்லை. பிறகு ஏன் நின்றுவிடுகிறார்கள் என்று தெரியவில்லை. பூ கட்டி விற்கிற அக்கா ஒருவர் முதல் நாளே பிளாஸ்டிக் பையில் ஒரு பழைய கடிதத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து, "இதை எப்போ படிக்கலாம் சயாமா?" என்று கேட்டார் (சயாமா என்றால் பர்மியத்தில் டீச்சர்). அவ்வளவு ஆர்வம். முதலில் எழுத்து முடியட்டும் அக்கா என்றேன். மூன்றாம் வாரத்தோடு அவரும் நின்றுவிட்டார்.

எங்கே தப்பு?

---

இரங்கோன் இட்லிக்கடை
ஞாயிறு, இரவு 9:52

முதல் தப்பு ஐந்து மணி. பொம்பளைங்க அடுப்பு மூட்டுகிற நேரம். அதிலும் இப்போது கரண்ட் நாலு மணி நேரம் இருந்தால் நாலு மணி நேரம் இல்லை. கரண்ட் இருக்கிற நேரத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவதா, உங்கள் வகுப்புக்கு வருவதா? கடை சாத்தின பிறகு மதியம் இரண்டு மணிக்கு வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, சும்மா கிடைக்கிறதுக்கு மரியாதை இல்லை. மாசம் ஒரு டீக்காசாவது வாங்குங்கள். நாங்கள் பின்கட்டில் ஆறு பேரோடு நடத்தியபோது நோட்டுக்கும் மெழுகுவர்த்திக்கும் என்று ஒரு தொகை வாங்கினோம். காசு கொடுத்தவன் வராமல் இருக்க மாட்டான்.

---

பர்மா பஜார் பேரன்
ஞாயிறு, இரவு 10:15

சென்னையிலிருந்து. எதற்கு இவ்வளவு சிரமம்? யூடியூபில் "அ ஆ இ ஈ" என்று போட்டால் ஆயிரம் வீடியோ வருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001இலிருந்தே பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் அவரவர் வீட்டிலேயே படித்துக்கொள்ளலாமே.

---

மோல்மேன் மழை
ஞாயிறு, இரவு 10:31

பேரன் தம்பி, கரண்ட் கதையை மேலேயே எழுதியிருக்கிறார்கள். டேட்டா விலை தெரியுமா? இங்கே வாட்ஸ்அப்புக்குத் தடை, திறப்பதற்கே VPN போட்டுச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அது போகட்டும். அறுபது வயது மனுஷி பேரனுடைய போனை வாங்கி, "அ... அணில்" என்று கார்ட்டூன் பார்த்துப் படிக்க வேண்டும் என்கிறீர்களா?

சயாமா, உங்கள் புத்தகத்திலும் அதே அணில்தானே இருக்கிறது? நெல் மூட்டைக் கணக்கு பார்க்கிற ஆளை உட்கார வைத்து அணில், ஆடு, இலை என்றால் முதல் வாரம் சிரிப்பான், இரண்டாம் வாரம் கூச்சப்படுவான், மூன்றாம் வாரம் "மாட்டுக்கு உடம்பு சரியில்லை" என்பான்.

---

பெகு பென்சன் தாத்தா
திங்கள், காலை 5:48

அம்மா சயாமா, வயதானவன் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அ-தோன்-லோன் இயக்கம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அ-பத், அ-யே, அ-துவெ: வாசிப்பு, எழுத்து, கணக்கு, மூன்று 'அ'. 1960களின் நடுவில் தொடங்கியது. பெரிய பரீட்சை முடிந்ததும் கோடை விடுமுறையில் கல்லூரிப் பிள்ளைகள் கிராமங்களுக்குப் போய், எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். சம்பளம் கிடையாது. இதற்காக யுனெஸ்கோ பர்மாவுக்கு 1971இல் ஒரு பரிசும் 1983இல் இன்னொரு பரிசும் கொடுத்தது. 1973இல் நானும் போனேன். மெய்க்திலா பக்கம் ஒரு கிராமம். ஏழு வாரம்.

முதல் வாரம் உங்கள் கதைதான் எனக்கும். பகலில் வகுப்பு வைத்தேன், யாரும் வரவில்லை. நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் சொன்னார்: "தம்பி, பகலில் வந்தால் படிக்காதவன் என்று ஊருக்கே தெரிந்துவிடும்." அவர் சொன்னபடி இருட்டின பிறகு வைத்தேன். பதினான்கு பேர் வந்தார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கை ஆளுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள், முகத்தில் வெளிச்சம் படக் கூடாது. பலகையில் மட்டும் பட்டால் போதும். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

உங்கள் மடம் தெருவைப் பார்த்து இருக்கிறதா? கதவைச் சாத்தி வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. அங்கே ஒரு கிழவர் வந்தார், வண்டிமாட்டு வியாபாரி. அவருக்கு எழுத்தெல்லாம் வேண்டாம், மாட்டு ரசீதில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். முதல் நாளே ரசீதைப் பாடமாக எடுத்தேன். பெயர், ஊர், மாட்டு நிறம், விலை. பதினைந்து நாளில் ரசீது முழுவதையும் வாசித்தார். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை, சுவரில் ஒட்டியிருந்த பழைய பேப்பரையெல்லாம் வாசிக்க ஆரம்பித்தார்.

பூக்கார அம்மாவிடம் "முதலில் எழுத்து முடியட்டும்" என்றீர்களே, அங்கேதான் தப்பு. அந்தக் கடிதத்திலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.

---

பர்மா பஜார் பேரன்
திங்கள், காலை 9:20

தாத்தா, மரியாதையோடு ஒரு கேள்வி. அந்த அரசாங்கம்தானே நம் தமிழ்ப் பள்ளிக்கூடங்களையெல்லாம் எடுத்துக்கொண்டது? 1962இல் நே வின் வந்தார், 1964இல் கடைகளை எடுத்தார், அதே வருஷம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார். எங்கள் தாத்தா கட்டின துணியோடு கப்பல் ஏறினார். அந்த அரசாங்கத்தின் எழுத்தறிவு இயக்கத்தைப் பெருமையாகச் சொல்கிறீர்களே?

---

பெகு பென்சன் தாத்தா
திங்கள், மாலை 6:05

கேட்கலாம் தம்பி, கேட்க வேண்டியதுதான். நான் படித்த தமிழ்ப் பள்ளிக்கூடமும் 1965-66இல் தனியார் பள்ளிகளை அரசு எடுத்தபோது போனதுதான். இன்று சயாமா வகுப்புக்கு வருகிற அறுபது வயதுக்காரர்கள் எழுத்துத் தெரியாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். பேச்சு வீட்டில் தங்கியது, எழுத்து பள்ளிக்கூடத்தோடு போனது.

நம் எழுத்தை எடுத்த கையும், கிராமத்துக்காரனுக்கு அவன் எழுத்தைக் கொடுத்த கையும் ஒன்றுதான். இரண்டையும் பார்த்தவன் நான். எடுத்ததற்குக் கோபம் இருக்கிறது. அதற்காகப் பெட்ரோமாக்ஸைப் பின்னால் வைக்கத் தெரிந்துகொண்டதை எதற்கு மறக்க வேண்டும்?

---

புதுகை சைக்கிள்
திங்கள், இரவு 8:44

நான் பர்மாக்காரன் இல்லை, புதுக்கோட்டை. எங்கள் கொள்ளுத்தாத்தா இரங்கோன் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர் என்பதால் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பேன்.

1991இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். எங்கள் அம்மா கல் உடைக்கிற வேலை. தொண்டர்கள் வந்து கூப்பிட்டபோது "எனக்கு எதுக்கு எழுத்து" என்று போகவில்லை. அப்புறம் அறிவொளியில் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் சொல்லித் தருகிறார்கள் என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றது. சைக்கிளுக்காகப் போய், எழுத்தும் கூடவே வந்தது. தாவணி போட்ட பிள்ளையிலிருந்து பேத்தி எடுத்தவர் வரை சைக்கிளில் போனதை ஊரே பார்த்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இயக்கம் நின்றபின் படிப்பதற்கு வீட்டில் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு இன்று பஸ் போர்டும் ரேஷன் கடைப் பலகையும்தான் ஓடும். சைக்கிள் மட்டும் மறக்கவில்லை. எழுத்து முடிந்தபின் எதைப் படிக்கக் கொடுப்பீர்கள் என்பதை இப்போதே யோசித்து வையுங்கள்.

---

மோல்மேன் மழை
செவ்வாய், இரவு 7:30

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது என்பதைத் தாத்தா சொல்லிவிட்டார். எப்படி என்பதற்கு என் அனுபவம். இதில் சண்டை வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

பெரியவர்கள் வெறும் பலகை இல்லை. அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு எழுத்து தெரியும். பர்மிய எழுத்தும் தமிழ் எழுத்தும் பிராமி வழி வந்த சொந்தக்காரர்கள். அதைப் பயன்படுத்தாமல் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் போல 'அ' சுழிக்கச் சொல்வது வீண்வேலை.

பர்மியத்தில் ஒற்றுக்கு மேலே ஒரு குறி போடுகிறோமே, அதத். அந்தச் சொல்லுக்கே கொல்வது என்றுதான் பொருள், எழுத்துக்குள் இருக்கிற 'அ'வைக் கொன்றுவிடுகிறது. தமிழில் புள்ளிக்கும் அதே வேலை. 'க்' என்றால் என்ன என்று அரை மணி நேரம் விளக்கிக்கொண்டிருந்தேன் ஒரு காலத்தில். இப்போது "இது நம்ம அதத்" என்கிறேன், முடிந்தது. அடுத்தது கொம்பு. 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, வாயில் அந்த ஒலி பின்னால் வருகிறது. புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இது. நம் ஆட்கள் விழ மாட்டார்கள், ஏனென்றால் பர்மியத்தில் தவெதோ என்கிற குறியும் எழுத்துக்கு முன்னால்தான் நிற்கும். 'கொ' இன்னும் அழகு. இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால். பர்மியத்தில் 'கோ' மாதிரி வருகிற ஒலிக்கும் இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று. பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ரப்பர் தோட்டத்து அண்ணன் ஒருவர் எழுந்து வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அட, இது நம்மளுதுதான்" என்றார்.

ஒரே 'க' கல்லில் ஒரு மாதிரி, பகலில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி வருகிறதே என்று கேட்பார்கள். பேச்சு என்பதற்கான பர்மியச் சொல்லைப் பர்மிய எழுத்தில் எழுதிக் காட்டுங்கள். எழுதுவது ச-வும் க-வும். வாயில் இரண்டும் தடித்துத்தான் வருகின்றன. அதைச் சின்ன வயதிலிருந்து செய்துகொண்டுதானே இருக்கிறார்கள்.

உண்மையில் இடறுகிற இடங்கள் மூன்று: ல-ள-ழ, ர-ற, ன-ண-ந. அதற்குப் பர்மியம் உதவாது, எழுதி எழுதித்தான் வர வேண்டும். அதில் நான் அவசரப்படுவதில்லை. 'பலம்' என்று எழுதிப் 'பழம்' என்று வாசித்தால் வாசிக்கட்டும், விட்டுவிடுகிறேன்.

---

இரங்கோன் இட்லிக்கடை
செவ்வாய், இரவு 8:02

சண்டைக்கு நான் வருகிறேன். ஏற்கெனவே பாதிப் பேச்சு பர்மியம். எழுத்தும் பர்மியத்தின் மேலே ஏறித்தான் வர வேண்டுமா? 'பலம்', 'பழம்' விட்டுவிடுவேன் என்றால் அது என்ன தமிழ்? எங்கள் வாத்தியார் ழகரம் வராதவனைத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்க வைப்பார்.

---

மோல்மேன் மழை
செவ்வாய், இரவு 8:11

அண்ணே, உங்கள் வாத்தியாரிடம் படித்தது எட்டு வயதில். ஐம்பத்தெட்டு வயதுக்காரியைத் தூணைப் பிடிக்கச் சொல்லுங்கள், அடுத்த வாரம் தூண் மட்டும்தான் இருக்கும்.

இன்னொரு கூத்து. புத்தகத்தில் 'இருக்கின்றது' என்று இருக்கும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சரியாக வாசித்துவிடுவார்கள். வாசித்துவிட்டு "அப்படின்னா என்ன?" என்று கேட்பார்கள். அவர்கள் வாழ்நாளில் சொன்னது 'இருக்கு'. அதனால் முதல் இரண்டு மாதம் வாயில் வருவதை அப்படியே எழுதச் சொல்கிறேன். "நேத்து மழ பேஞ்சுச்சு." அது போதும். புத்தகத் தமிழ் பிறகு வரட்டும்.

---

இரங்கோன் இட்லிக்கடை
செவ்வாய், இரவு 8:20

பிறகு வரட்டும் என்றால் வராது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ழகரத்தோடு.

---

தட்டோன் சயாமா
ஞாயிறு, இரவு 8:30 (ஏழு வாரம் கழித்து)

மன்னிக்கவும், இவ்வளவு நாள் பதில் போட முடியவில்லை. நடுவில் மடத்துச் சாவி பிரச்சினை. நிர்வாகத்தில் ஒருவர், பிள்ளைகளுக்கு என்றால் சரி, பெரியவர்கள் கூடினால் வார்டு ஆபீசில் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவர் பயம் அவருக்கு, இந்தக் காலத்தில் தப்புச் சொல்ல முடியாது. இப்போது எங்கள் வீட்டுப் பின்கட்டில் நடக்கிறது. தாத்தா, மடத்தைவிட இதுதான் நல்லது, தெருவுக்குத் தெரியாது. என்னோடு சொல்லித் தந்த இரண்டு பேரில் ஒரு தம்பி தாய்லாந்து போய்விட்டான். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமல்படுத்தியதிலிருந்து வாலிபப் பையன்கள் ஊரில் தங்குவதே அரிது, உங்களுக்குத் தெரியும்.

நேரம் மதியம் இரண்டு மணி. இட்லிக்கடை அண்ணன் சொன்னது சரி. காசு வாங்கச் சொன்னதை மட்டும் செய்யவில்லை, மனசு வரவில்லை. ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொண்டுவருகிறார்கள். 12 பேர் நிலையாக வருகிறார்கள். அதத் வித்தை அப்படியே பலித்தது.

பூக்கார அக்கா வீட்டுக்கு நானே போனேன். "கடிதத்தை எடுத்துக்கிட்டு வாங்க, அதுதான் பாடம்" என்றேன். நீல ஏரோகிராம், 1967, இராமநாதபுரம் முத்திரை. அக்காவின் அப்பாவுக்கு ஊரிலிருந்து சித்தப்பா எழுதியது. வாரம் நாலு வரி என்று எடுத்தோம். அதில் ஒரு சிக்கல். சில எழுத்துகள் எனக்கே தெரியவில்லை! 'ல'வுக்கு மேலே யானைத் தும்பிக்கை மாதிரி ஒன்று வளைந்து வருகிறது. சயாமாவுக்கே படிக்கத் தெரியவில்லை என்று எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் வகுப்பில் கூச்சம் போயிற்று என்று நினைக்கிறேன். தாத்தா, அது என்ன எழுத்து?

---

பெகு பென்சன் தாத்தா
திங்கள், காலை 5:30

அது பழைய 'லை' அம்மா. நாங்கள் அப்படித்தான் எழுதினோம். பெரியார் தன் பத்திரிகையில் எழுதிக் காட்டிய சீர்திருத்தத்தை 1978இல்தான் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றுக்கொண்டது. அதில் 13 எழுத்துகள் மாறின. ணை, லை, ளை, னை நாலுக்கும் தும்பிக்கை போய், மற்ற எழுத்துகளுக்குப் போடுகிற சாதாரண ஐகாரக் கொம்பு வந்தது. பழைய எழுத்தில் ணா, றா, னா மூன்றும் கால் இல்லாமல் எழுத்தோடு எழுத்தாகச் சுழித்து வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றின் ஒகர, ஓகார எழுத்துகளும் அப்படியே. நீங்கள் படித்த புத்தகங்கள் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. எனக்கோ இன்றும் கை தும்பிக்கைக்குத்தான் போகிறது.

---

தட்டோன் சயாமா
ஞாயிறு, இரவு 9:05

நன்றி தாத்தா. தென்னை, பிள்ளை, விலை எல்லாம் இன்று ஓடிவிட்டன. கடிதம் முடிந்தது. கடைசிப் பத்தியை அக்கா தனியாகவே வாசித்தார், விரலை வைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரம். கிணற்றில் தண்ணீர் இல்லை, தென்னை இரண்டு பட்டுப்போயிற்று, அரிசி விலை ஏறிக் கிடக்கிறது. அதற்குப் பிறகு: "நீ அனுப்பின கைலி ரெண்டும் இன்னும் வந்து சேரலை."

அக்கா அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். அவர் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் பஜாரில் ஒரு கடைக்காரர்தான் வாசித்துச் சொல்வாராம். கைலியைக் கப்பலில் போகிறவரிடம் கொடுத்தனுப்பச் சொல்லி ஒப்படைத்ததும் அதே கடைக்காரரிடம்தான். "கைலி போய்ச் சேர்ந்துச்சு, தம்பிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சுன்னு எழுதியிருந்தான்னு அப்பா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு சயாமா" என்றார்.

---

புதுகை சைக்கிள்
ஞாயிறு, இரவு 9:17

ஐயோ. அந்தக் கடைக்காரர் இப்போது இருக்கிறாரா?

---

தட்டோன் சயாமா
ஞாயிறு, இரவு 9:40

அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. அவருடைய பேரன் இருக்கிறார், ஐம்பது வயது, போன மாதம்தான் வகுப்பில் சேர்ந்தார். அக்கா வாசித்தபோது அடுத்த பாயில்தான் உட்கார்ந்திருந்தார். அக்கா பெயர் எதையும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்துப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு, "வீட்டுல இன்னும் பதினொண்ணு இருக்கு, அடுத்த வாரம் எதைக் கொண்டாரட்டும்?" என்று கேட்டார்.